நெறைய டார்ச் லைட்டு வெச்சிருக்கவங்க எல்லாத்தையும் எப்படி யூஸ் பண்றீங்க, எங்க எப்படி வெக்கிறீங்க?

பாலக்கோடு லைட்டு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு பாலக்கோடு பக்கம், தக்காளியும் கொஞ்சம் ராகியும் போடறோம். டார்ச் லைட்டுன்னா சின்ன வயசுலேர்ந்தே உசுரு. கான்வாய் எஸ்2 பிளஸ்ல ஆரம்பிச்சது, இப்போ சோஃபிர்ன், வர்க்கோஸ், எமிசார் டி4ன்னு முப்பதுக்கு மேல போயிடுச்சு, கூடவே தாத்தா வெச்சிருந்த பித்தளை மூணு கட்டை டார்ச்சும் இருக்கு. எல்லாம் பீரோல ஒரு தட்டு முழுக்க ஒண்ணு மேல ஒண்ணா கெடக்குது. ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் போட போறப்போ கைக்கு வர்ற ஒரே லைட்டு தான் தெனமும் போவுது, மத்தது எல்லாம் எரியாமயே கெடக்குறத பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஒவ்வொண்ணும் பாத்து பாத்து வாங்குனது.

நெறைய வெச்சிருக்கவங்க எப்படிங்க சமாளிக்கிறீங்க? எல்லாத்தையும் மாத்தி மாத்தி எடுக்கறீங்களா, இல்ல சிலத ஷோவுக்கு மட்டும்னு ஒதுக்கிடறீங்களா? பேட்டரி உள்ளயே இருக்கட்டுமா, கழட்டி வெக்கணுமா? புல் சார்ஜ்ல வெச்சா நல்லதா? நம்ம ஊரு ஏப்ரல் வெயிலுக்கு பீரோவ தொட்டாலே சுடுது, அதான் பயம். அப்புறம் அந்த பித்தளை டார்ச்ச தொறந்து பாத்தேன், பேட்டரி ஒழுகி பச்ச பச்சயா பூத்துப்போயி ஸ்பிரிங்கு இருக்கற எடமே தெரியல. அத காப்பாத்த வழி இருந்தா அதையும் சொல்லுங்க.

அஞ்செட்டி காவல்:

தம்பி, பீரோல இருந்தா அது எரியாது, எந்த வேலைக்கு எந்த லைட்டோ அத அந்த வேலை நடக்கற எடத்துலயே வெச்சிடணும். நான் அப்படித்தான் பண்றேன். மோட்டார் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஆணியில ஒண்ணு, மாட்டுக்கொட்டாய்ல ஒண்ணு, வண்டி சீட்டுக்கு அடியில ஒண்ணு, தலமாட்டுல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு. கரண்டு போனா வீட்ல யாரும் என்ன கூப்பிடறதே இல்ல, அவங்கவங்க பக்கத்துல இருக்கறத எடுத்துக்கறாங்க.

எங்க ஊரு காட்ட ஒட்டி இருக்கு, காவேரி வடக்கு சரணாலயம்னு 2014ல அறிவிச்சாங்களே அந்த காடு. ராகி கதிர் வர்ற சமயம், ஐப்பசி கார்த்திகைக்கு மேல, பன்னேர்கட்டா பக்கத்துலேர்ந்து யானை கூட்டமா எறங்கும், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, எங்க பக்கம்னு பரவிடும். கொல்லியில பரண் போட்டு ராவெல்லாம் காவல் தான். அங்க ஒரே லைட்டு பத்தாது. தூரமா போற லைட்டு ஒண்ணு, காட்டு ஓரத்துல ஏதாவது அசையுதான்னு பாக்க. பரண விட்டு எறங்குனா காலடி பாக்க அகலமா விரியற லைட்டு ஒண்ணு. ரெண்டு கையும் வேணும்னா நெத்தியில கட்டுற லைட்டு ஒண்ணு. இப்படி பிரிச்சாலே உங்க முப்பதுல பாதிக்கு வேலை வந்துரும்.

லைட்டு வாங்கறவங்க எல்லாம் லூமென்ஸ, அதாவது மொத்த வெளிச்சத்த மட்டும் பாக்கறாங்க, தூரம் போறது கேண்டெலாவ, அதாவது ஒரே பக்கமா குவியற வெளிச்சத்தோட பலத்த பொறுத்தது. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்குனா பெட்டி மேல போட்டிருக்கற மீட்டர் கணக்கு வந்துரும், 40,000 கேண்டெலான்னா 400 மீட்டர். ஆனா அந்த கணக்கு அவ்ளோ தூரத்துல விழற வெளிச்சம் 0.25 லக்ஸ்னு வெச்சு போட்டது, பௌர்ணமி நெலா வெளிச்சம் அளவு தான், 400 மீட்டர்ல நிக்கறது பாறையா யானையான்னு அதுல பிரிச்சு சொல்ல முடியாது. பாதி தூரத்த தான் நான் நம்புவேன்.

யானை வந்தா முகத்துல லைட்டு அடிக்காதீங்க. ஸ்ட்ரோப் போட்டு வெட்டி வெட்டி அடிக்கறது அதவிட மோசம், மெரண்டா எந்த பக்கம் ஓடும்னு யாரும் சொல்ல முடியாது. இருக்கற எடம் தெரிஞ்சா போதும், வனத்துறைக்கு போன் போட்டுட்டு பரண் மேலயே இருங்க. இன்னொண்ணு, புது லைட்டு எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கறேன்னு ராத்திரி காட்டுக்குள்ள மட்டும் போயிடாதீங்க. அது சட்டப்படி தப்பு, வேட்டைக்கு வந்தவன்னு தான் நெனைப்பாங்க. ஏரிக்கரை போதும்.

ஓசூர் ஷிப்டு:

அண்ணன் சொன்னது சரி, எடத்துக்கு ஒரு லைட்டு. நான் பேட்டரி பத்தி மட்டும் சொல்றேன் ப்ரோ, ஏன்னா லைட்டு கெட்டுப்போறது கம்மி, பேட்டரியால தான் எல்லாம் கெடும்.

லித்தியம் அயான் செல்லுக்கு ரெண்டு விஷயம் ஆகாது, ஒண்ணு புல் சார்ஜ்லயே மாசக்கணக்குல கெடக்கறது, இன்னொண்ணு சூடு. ரெண்டும் சேந்துச்சுன்னா கெபாசிட்டி சீக்கிரமே எறங்கிடும். 18650ஓ 21700ஓ, அதெல்லாம் செல்லோட சைஸு, எதுவா இருந்தாலும் புல்லுன்னா 4.2 வோல்ட், சும்மா வெக்கறதுக்கு 3.7 பக்கம் இருந்தா நல்லது, பாதி சார்ஜ்னு வெச்சிக்கோங்க. சாதா மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா வோல்டேஜ் பாருங்க. 2.5க்கு கீழ போன செல்ல திருப்பி சார்ஜ் ஏத்த வேணாம், முனையில டேப் ஒட்டி ஈ-வேஸ்ட்ல குடுத்துருங்க. மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் தோலு கிழிஞ்சிருந்தாலும் அப்படியே போட்டு ஓட்டாதீங்க, பாசிட்டிவ் முனைகிட்ட கிழிசல் இருந்தா லைட்டு பாடியில பட்டு ஷார்ட் ஆயிடும்.

தெனம் எடுக்கற அஞ்சாறு லைட்ல பேட்டரி உள்ளயே இருக்கட்டும். மத்தத கழட்டி தனியா பிளாஸ்டிக் கேஸ்ல போடுங்க, சாவி சில்லறையோட பாக்கெட்ல போடவே கூடாது. பக்கவாட்டுல பட்டன் வர்ற லைட்டெல்லாம் ஆப்ல இருக்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா பேட்டரிய குடிக்கும், அதுக்கு டெயில் கேப்ப, அதான் பின்பக்க மூடிய, கால் சுத்து லூஸ் பண்ணி வெச்சா கனெக்சன் கட் ஆயிடும், மரையில அனோடைசிங், அதாவது கரண்ட் கடத்தாத பூச்சு இருக்கற லைட்டுக்கு மட்டும் தான் இது வேலை செய்யும். உங்க டி4ல ஆண்டுரில் 2ங்கற சாப்ட்வேர் இருந்தா ஆப்ல வெச்சு நாலு தடவ அழுத்துங்க, லாக் ஆயிடும். அத லாக் பண்ணாம பேண்ட் பாக்கெட்ல போடாதீங்க, டர்போ, அதான் உச்ச வெளிச்சம், தானா எரிஞ்சா துணி பொசுங்குற அளவுக்கு சூடாகும்.

ஆன்லைன்ல 9900 எம்ஏஹெச்னு போட்டு 18650 விப்பாங்க, ஒரு கடையில நானும் பாத்து வேணாம்னு விட்டேன். அந்த சைஸ்ல 3500 சுத்தி தான் நெஜம். எடைய பாத்தாலே தெரியும், நல்ல செல்லு 45 கிராமுக்கு மேல வரும்.

யூஸ் பண்றது பத்தி கேட்டீங்க. எனக்கு கம்பெனியில மெயின்டனன்ஸ், சிஎன்சி மெசினு. வாரத்துக்கு ஒரு லைட்டுன்னு மாத்துவேன், திங்கக்கிழமை காலையில அடுத்தத எடுத்துட்டு போவேன், அப்போ தான் எந்த லைட்டு கைக்கு அடங்குது, எது எண்ணெய் கையில வழுக்குதுன்னு தெரியுது. பின்னாடி மேக்னெட் இருக்கற லைட்டு பேனல்ல ஒட்டி வெக்க அருமை, ஆனா ஷிப்டு முடிஞ்சு பாத்தா மேக்னெட்ட சுத்தி இரும்புத்தூளு தாடி மாதிரி மொளைச்சிருக்கும். அத கையால தொடைக்காதீங்க, விரல்ல ஏறிடும், டேப்ப ஒட்டி பிச்சா கொத்தா வந்துரும். அப்படியே டெயில் கேப்ப கழட்டி அந்த தூளு மரையில ஏறுச்சுன்னா கரகரன்னு அரைச்சு எடுத்துரும், மொதல்ல மேக்னெட்ட சுத்தம் பண்ணிட்டு அப்புறம் தொறங்க. தண்ணி போகாம தடுக்கற ரப்பர் வளையம் இருக்கே, ஓ-ரிங்கு, அதுக்கு சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும்.

பாலக்கோடு லைட்டு:

ரொம்ப நன்றிங்கண்ணா, ரெண்டு பேருக்கும். மோட்டார் ரூம் கதவு ஐடியா நாளைக்கே பண்ணிடறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். காரு டேஷ்போர்டுல ஒண்ணு போட்டு வெக்கலாமா? அப்புறம் பழைய கேமரா பெட்டி ஒண்ணு இருக்கு, உள்ள பஞ்சு வெச்சது, அதுல குழி வெட்டி லைட்ட அடுக்கலாம்னு பாக்கறேன், சரியா வருமா?

ஓசூர் ஷிப்டு:

வெயில்ல நிக்கற கார்ல லித்தியம் அயான் வேணவே வேணாம் ப்ரோ. ஒரு ஏஏ லைட்ட வெச்சு அதுல 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ போடுங்க, சார்ஜ் ஏத்தற டைப் இல்ல, ஒரு தடவ தான், வெல அதிகம். ஆனா ஒழுகாது, சூடு தாங்கும், வருசக்கணக்குல அப்படியே இருக்கும். இல்லன்னா சிஆர்123ஏ, குட்டையான 3 வோல்ட் லித்தியம் செல்லு, அத போடற லைட்டு, அதுவும் பத்து வருசம் தாங்கும். அதுல ரெண்டு செல்லு போடற லைட்டா இருந்தா ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே சமயம் வாங்குனதா இருக்கணும், பழசும் புதுசும் கலக்கக்கூடாது.

பெட்டி நல்லது, ஆனா அந்த பழைய பஞ்ச நம்பாதீங்க. பாலியூரித்தேன் பஞ்சு நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் கொஞ்ச வருசத்துல பிசுபிசுன்னு ஆகி தூளா கொட்டும், லைட்டு பாடியில ஒட்டுனா லேசுல போவாது. யோகா மேட்டு இருக்குல்ல, இவிஏ போட்டது, அத வாங்கி வெட்டி வெச்சிக்கோங்க. மொபைல் கடையில ஸ்பேர் பார்ட்ஸ் போட்டு வெப்பாங்களே கட்டம் கட்டமா டப்பா, சின்ன லைட்டுக்கு அதுவே போதும். பீரோவும் மேற்கு சொவத்த ஒட்டி இருந்தா எடம் மாத்துங்க, சாயங்கால வெயில் மொத்தமும் அது மேல தான்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:

அண்ணா, நான் கேஆர்பி டேம் பக்கம், எங்களுக்கு பெங்களூரா மாந்தோப்பு. காய் சீசன்ல அப்பாவுக்கு தொணையா நானும் ராத்திரி சுத்துவேன். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், தோட்டத்துக்கு எடுத்துட்டு போற லைட்டு எதுன்னு முடிவு பண்றப்போ பாம்ப நெனச்சு முடிவு பண்ணுங்க.

மாடு, பூனை, நரிக்கெல்லாம் லைட்டு அடிச்சா கண்ணு மின்னும், பாம்புக்கு அப்படி மின்னாது. காஞ்ச மாவெல மேல கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தா தோலும் எலையும் ஒரே மாதிரி தான் இருக்கும், செம்மண்ணுல சுருட்ட விரியனும் அதே கத தான். வெள்ள வெளேர்னு நீலம் அடிக்கற 6500 கெல்வின் லைட்ல எல்லாமே சாம்பலா ஒரே நெறமா தெரியும். கெல்வின் கொறைய கொறைய வெளிச்சம் மஞ்சளாகும், சிஆர்ஐ கூட கூட நெறம் நெஜமா தெரியும், 4000 கெல்வின் பக்கம், சிஆர்ஐ 90க்கு மேல இருக்கற லைட்டு, நிச்சியா 519ஏ மாதிரி எல்இடி போட்டது, அதுல பாத்தா பழுப்பு வேற மஞ்ச வேறன்னு பிரிஞ்சு தெரியும், கண்ணாடி விரியன் மேல இருக்கற வட்ட வட்டமான புள்ளி தனியா கண்ணுல படும். நான் இத அப்பாவுக்கு காட்டுன அப்புறம் அவர் பழைய லைட்ட தொடறதே இல்ல. 300 லூமென்ஸ் போதும்ணா, பக்கத்துல பாக்கறதுக்கு அதுக்கு மேல போனா நம்ம கண்ணு தான் கூசும். லைட்ட நெஞ்சுக்கு நேரா புடிக்காம இடுப்புக்கு கீழ எறக்கி சாய்வா அடிங்க, நெழலு விழும், தரையில என்ன மேடா இருக்குன்னு தெரியும். கட்டு விரியன் ராத்திரி தான் வரும், அதனால பூட்ஸும் போடுங்க, லைட்டு மட்டும் போதாது.

உங்க முப்பதுல அப்படி ஒண்ணு இருந்தா அது பீரோவுக்கு போவவே கூடாது.

அரூர் பித்தளை:

தம்பி அந்த தாத்தா டார்ச்ச பத்தி யாரும் சொல்லலையே, அதுக்கு தான் நான் வந்தேன். பழைய பித்தளை டார்ச்சு தான் என் சேகரிப்பே, சந்தையில பழைய சாமான் விக்கறவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன், வந்தா எடுத்து வெப்பாங்க.

மொதல்ல உள்ள இருந்தது எந்த மாதிரி பேட்டரின்னு பாருங்க. சாதாரண கட்ட பேட்டரி, ஜிங்க் கார்பன்னா, ஒழுகறது புளிப்பு. அதுக்கு ஆப்பசோடாவ தண்ணியில கொழச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்க்கணும். ஆல்கலைன்னா ஒழுகறது காரம், அதுக்கு எலுமிச்ச சாறு இல்ல வினிகர். மாத்தி போட்டா ஒண்ணும் ஆகாது, சும்மா தேய்ச்சிட்டே இருப்பீங்க. பூத்தது காஞ்சி கெடந்தா ஊதாதீங்க, கண்ணுல மூக்குல போவும், துணி கட்டிக்கிட்டு மூங்கில் குச்சியால மெதுவா சொரண்டுங்க. பேட்டரி உள்ளயே வீங்கி சிக்கியிருந்தா சுத்தியால தட்ட வேணாம், ஆப்பசோடா தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க விட்டா எளகும். ஸ்பிரிங்கு அரிச்சி போயிருந்தா கவல இல்ல, அது கெடைக்கும். பக்கத்துல ஓடுதே செம்பு பட்டை, சுவிட்சுல போயி படறது, அது ஒடிஞ்சா தான் கஷ்டம், அத வளைக்காம சுத்தம் பண்ணுங்க. அப்புறம் நல்ல தண்ணியில கழுவி வெயில்ல ஒரு நாள் காய வெச்சிருங்க.

வெளிய பாலீஷ் போட அவசரப்படாதீங்க. நெறைய பேரு பித்தளன்னு நெனச்சு புளி போட்டு தேய்ப்பாங்க, மேல நிக்கல் முலாம் இருக்கும், மேலயும் மேலயும் தேய்ச்சா அது போயிடும், போனா திரும்பாது. ஈரத்துணி போதும். கண்ணாடிக்கு பின்னாடி இருக்கற ரிப்ளெக்டர விரலால தொடவே தொடாதீங்க, துணியும் வேணாம், தூசி இருந்தா ஊதற பம்ப வெச்சு ஊதுங்க. தோலு உறை இருந்தா டார்ச்ச அதுக்குள்ள போட்டு வருசக்கணக்குல விடாதீங்க, தோல்ல இருக்கற பதம் போட்ட கெமிக்கலும் ஈரமும் பித்தளைய பச்ச பிடிக்க வெச்சுரும். பருத்தி துணியில சுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு, பேட்டரி இல்லாம வெளிய வெச்சிருங்க.

பாலக்கோடு லைட்டு:

ஐயா ரொம்ப சந்தோசம்ங்க. உள்ள இருந்தது செவப்பு கலர் கட்ட பேட்டரி தான், ஆப்பசோடா போட்டு ஊற வெச்சிருக்கேன். மாந்தோப்பு தங்கச்சி சொன்ன மாதிரி 4000 கெல்வின்ல ஒரு எஸ்2 பிளஸ் இருக்கு, அதையே மோட்டார் ரூமுக்கு போட்டுட்டேன். பித்தளை டார்ச்சு பல்பு போயிருந்தா என்ன பல்பு வாங்கணும்ங்க? மறுபடியும் எரிய வெக்க ஆசை, ஆனா கட்ட பேட்டரி போட பயமா இருக்கு.

அரூர் பித்தளை:

மூணு கட்டைக்கு 3.8 வோல்ட் பல்பு கேளுங்க, பழைய எலக்ட்ரிக் கடையில இருக்கும். 2.5 போட்டது ரெண்டு கட்டை டார்ச்சுக்கு, அத போட்டா ஒடனே பியூஸ் போயிடும். கட்ட பேட்டரி பயம்னா ஏஏ செல்ல கட்ட சைஸுக்கு ஆக்கற பிளாஸ்டிக் கூடு வருது, அதுல எனிலூப் மாதிரி ரீசார்ஜபிள் மூணு போடுங்க, 3.6 வோல்ட் வரும், அந்த பல்புக்கு தோதா இருக்கும். எடையும் கொறையும், கையில புடிச்சா தாத்தா புடிச்ச கனம் இருக்காது, அது ஒண்ணு தான். எரிச்சி முடிச்சதும் செல்ல வெளிய எடுத்துருங்க.