மாசியில் மலையகம் போகிறோம், கூத்துப் பார்க்க எங்கே போகலாம்?

வவுனிக்குளத்தான்:
வரும் மாசியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையகம் போக யோசிக்கிறோம். போய்வந்த சனம் எல்லாம் நுவரெலியா, கிரகரி வாவி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, கொஞ்சப் படம் என்றுதான் கதை சொல்லுது. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. கூத்து, தப்பு மேளம், கோயில் திருவிழா என்று அங்கத்தைய ஆட்களின் கலைகளைப் பார்க்க வேண்டும். எங்கே போவது, யாரைப் பிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

தோட்டத்துப் பேத்தி:
மாசி என்றால் நல்ல நேரம் அண்ணை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள், பௌர்ணமியை ஒட்டி மன்மதனை எரிக்கும் இரவு வரைக்கும் காமன் கூத்துக் காலம்தான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்துபோன மதனுக்காக ரதி அழுகிற கதை. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் கடைசி இரவுக்குப் போங்கோ. ரதியாக ஆடுவதும் ஆண்தான், ஆனால் அந்தப் புலம்பல் தொடங்கினால் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் வேளைக்கே போய் தப்புக்காரருக்குப் பக்கத்தில் நில்லுங்கோ. நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள், விரலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார்கள், சத்தம் சரியில்லை என்றால் மறுபடி நெருப்பில் பிடிப்பார்கள். எனக்குக் கூத்தைவிட அதுதான் பிடிக்கும்.

யாரைக் கேட்பது என்றால், ஹோட்டலில் கேட்காதேங்கோ. 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! எங்கட அப்பம்மாவும் அப்படி வந்தவதான். பக்கத்து வீட்டில் கேட்டாலே ஏதோ ஒரு தோட்டத்தில் மாமனோ மச்சானோ இருப்பார்.

நந்திக்கடல்:
ஏ9 வீதியிலேயே நேராகப் போங்கோ, அது கண்டியில்தான் போய் முடியுது. வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வரும். மாசி மகத் தேர் அங்கே பெயர்போனது, ஐந்து தேர் ஓடும். திகதி ஒத்துவந்தால் விடாதேங்கோ. கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டுவழியாக நடந்து மாத்தளைக்குத்தான் போனது, பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையகத்தார் வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்தே போனதே, அது இதை நினைத்துத்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போங்கோ.

முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்த கண்ணுக்குக் காமன் கூத்து வேறு மாதிரி இருக்கும். எங்களுக்கு மத்தளமும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும், அங்கே தப்பு. ஆனால் இரண்டும் விடியவிடிய.

ஹட்டன்காரன்:
வாங்க, தாராளமா வாங்க. ஆனா ஒன்று. காமன் கூத்து எங்களுக்கு நேர்த்திக்கடன், வேடம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருந்துதான் ஆடுவார். அதனால் முகத்துக்கு நேரே போன் லைட்டை அடிக்காதீங்க, நடுவில் புகுந்து செல்பி எடுக்காதீங்க. எல்லாத் தோட்டத்திலும் இப்போது நடப்பதில்லை, பொடியன்கள் பாதிப்பேர் கொழும்பில் கடை வேலையில். முதலில் போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்க.

அருச்சுனன் தபசுக் கூத்துக் கிடைத்தாலும் பாருங்க. அருச்சுனன் வேடக்காரர் உயரமான கம்பத்தில் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் பாடுவார், கீழே நிற்கிற நமக்குத்தான் கால் நடுங்கும். பகலில் நேரம் இருந்தால் கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கு, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்திலேயே அமைத்திருக்கிறார்கள். தேயிலைக் கம்பனிகளின் கதையை எங்கேயும் கேட்கலாம், கொழுந்து பறித்தவர்களின் கதைக்கு இங்கேதான் வர வேண்டும்.

வவுனிக்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வளவு அக்காவைக் கேட்டேன், பதுளைப் பக்கம் அவவின்ட சித்தப்பா இருக்கிறாராம். சின்னவனுக்கு ஆறு வயது, இரவு முழுக்கத் தாங்குவானா? மழைக்கோட்டும் கொண்டுவர வேணுமோ?

ஹட்டன்காரன்:
மாசியில் மழை குறைவு, பனிதான். நல்ல சுவெட்டரும் காது மூடுகிற தொப்பியும் போதும். தூக்கம் வந்தால் ஏதாவது ஒரு லயத்தில் பாய் போட்டுத் தருவாங்க, மதன் எரியும் நேரம் எழுப்பிவிடுங்க.