மலைமேல் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்க இடம்: எந்த நிதியில் கேட்பது?

மலைநர்ஸ்:
சேர்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். கீழே சேலத்திலிருந்து ஹவுஸ் சர்ஜன்களும் (பயிற்சி மருத்துவர்கள்) நர்சிங் மாணவிகளும் கிராமப் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, முகம் வெளுத்துப்போய் வந்து இறங்குவார்கள். மூன்று மணிக்கெல்லாம் திரும்பும் பஸ் நினைப்பு வந்துவிடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தங்க இடம் இல்லை. ஆனால் பிரசவ வலி நேரம் பார்த்தா வருகிறது? காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், தேள் கடித்தவரும் வழுக்கி விழுந்தவரும் வேலை விட்ட பிறகுதான் வருவார்கள். இது எதையும் பார்க்காமலே பிள்ளைகள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிரசவப் பயிற்சிக்கு பொம்மை ஒன்று கொடுத்தார்கள். வைக்க அறை இல்லாமல், மருந்து ஸ்டோரில் ஓ.ஆர்.எஸ். பெட்டிகளுக்கு மேலே பாலிதீன் உறையோடு படுத்திருக்கிறது. சின்ன விடுதி ஒன்று, பயிற்சி அறை ஒன்று போதும். யாரிடம் கேட்பது?

சூரமங்கலத்தான்:
சேலம் ஜி.எச்.சுக்கு சூப்பர் ஸ்பெஷாலிட்டி திட்டம் வந்தபோது 120 கோடி. அதில் மத்திய அரசு 100 கோடி. 2022 ஜனவரியில் நாமக்கல், கிருஷ்ணகிரி உட்பட 11 மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள். பணம் இல்லாமல் இல்லை அக்கா. மலை ஏறும்போதுதான் அதுக்கு மூச்சு வாங்குது.

அஸ்தம்பட்டி ஓய்வூதியர்:
அம்மா, சுகாதாரத் துறைக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். தம்பி சொல்லும் கோடிகள் உங்களுக்கு உதவாது. மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்த்து புதுக் கல்லூரி தொடங்கும் அந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. அதுவும் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான். சம்பளம், டீசல் எல்லாம் மாநிலத்தின் தலையில்.

உங்கள் சிக்கல் வேறு. நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் மருத்துவப் பணிகள் இயக்குநரகம். பணம் ஒதுக்க ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கணக்குத் தலைப்பு. விடுதி கேட்டு எழுதினால், "எங்களுக்கு ஏது மாணவர்?" என்று பொது சுகாதாரத்தார் திருப்புவார்கள். "இடம் எங்களுடையது இல்லையே" என்பார்கள் மருத்துவக் கல்வியார். அப்படி ஊர் சுற்றிய கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றும் ஊரகச் சுகாதாரப் பயிற்சி மையம் வைத்தாக வேண்டும் என்பது விதி. பயிற்சி மருத்துவர் தங்கும் வசதியும் அதில் சேர்த்திதான். உங்கள் நிலையத்தை எந்தக் கல்லூரியோடாவது அப்படி இணைத்த உத்தரவு இருக்கிறதா, முதலில் பாருங்கள். இருந்தால் சமூக மருத்துவத் துறை வழியாக டீன் எழுதட்டும். கல்லூரிகளை மேற்பார்க்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஆய்வு நெருங்கும் சமயம் என்றால் கோப்புக்குக் கால் முளைக்கும்! உத்தரவு இல்லையென்றால், செவிலியர் குடியிருப்பும் பயிற்சி அறையும் சேர்த்து, வட்டார மருத்துவ அலுவலர் மூலம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஆண்டுத் திட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சி.ஆர்.ஆர்.ஐ. முடித்தவன்:
சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் மலைக்குப் போஸ்டிங் வந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். விடுதி கட்டினால் மட்டும் நாங்கள் தங்கிவிட மாட்டோம். டிசம்பர் குளிருக்கு வெந்நீர் வேண்டும், பெண்கள் கழிப்பறைக்கு ஒழுங்கான தாழ்ப்பாள் வேண்டும். ராத்திரி சொல்லிக்கொடுக்க ஒரு டாக்டரும் வேண்டும். கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்க அக்கா, பிறகு யாரும் தர மாட்டார்கள்.

சூரமங்கலத்தான்:
எம்.எல்.ஏ. நிதி?

அஸ்தம்பட்டி ஓய்வூதியர்:
தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. சுவர் எழும்பும், தம்பி கேட்கிற டாக்டர் அதில் வர மாட்டார்.

மலைநர்ஸ்:
நன்றி சார். உத்தரவு பழைய பீரோவில் இருக்கலாம், தேடுகிறேன். நாளை புதன், தடுப்பூசி நாள், நிமிர நேரம் இருக்காது. வியாழன் வட்டார மருத்துவ அலுவலரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். வெந்நீரையும் சேர்த்தே கேட்கிறேன் தம்பி.