தாத்தாவின் முகம் படத்தில் உயிரில்லாமல் வருகிறது. லென்ஸ் மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். தையற்கடை வைத்திருக்கும் என் தாத்தாவை அவருடைய கடையிலேயே படமெடுக்க முயல்கிறேன். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான். கடை குறுகல் என்பதால் 18 மி.மீ.இல் (மிக அகலமாகப் பார்க்கும் முனையில்) வைத்து மிக அருகில் நின்று எடுக்கிறேன். மூக்கு பெருத்து, காதுகள் ஒடுங்கி, கண்குழிகள் கறுத்துத் தெரிகின்றன. வெள்ளைச் சட்டை ஒழுங்காக வந்தால் முகம் இருண்டுவிடுகிறது. 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சிறிதானால் ஒளித்துளை பெரிது) லென்ஸ் வாங்கினால் இவை தீருமா?

பதில் 1:
மூக்கு பெருப்பதற்குக் காரணம் லென்ஸ் அன்று, நீங்கள் நிற்கும் தொலைவு. அரை மீட்டரில் நிற்கும்போது மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுமார் 12 செ.மீ., மொத்தத் தொலைவில் ஏறக்குறைய கால் பங்காகிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே வாசற்படிக்கு வெளியே வந்து, 55 மி.மீ.க்கு ஜூம் செய்து எடுங்கள்.

கண்குழி கறுப்பது தலைக்கு மேலுள்ள டியூப்லைட்டால். அதை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும்படி தாத்தாவைப் பக்கவாட்டில் அமர்த்துங்கள். நிழலான கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக ஒளி விழும்வரை முகத்தை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ரெம்பிராண்ட் (டச்சு ஓவியர்) ஒளியமைப்பு என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி என்றாலும், அந்த 50 மி.மீ. லென்ஸை வீண் என்று தள்ள மாட்டேன். உங்கள் லென்ஸ் 55 மி.மீ.இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே என்பதால், கண் துல்லியமாக இருக்கக் காது மங்கிவிடும். பின்னணியை மங்கவைத்தாலே நல்ல உருவப்படம் என்னும் எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. தொங்கும் சட்டைகளும் துணிக்கட்டுகளும் தெரிந்தால்தானே அவர் தையற்காரர்? அந்த லென்ஸை வாங்கினாலும் எஃப் 4 வைத்து, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள்.

முகம் இருள்வதற்குச் சட்டையே காரணம். வெள்ளை மிகுந்த காட்சியைக் கேமரா சராசரிச் சாம்பல் நிறமாக்க முயலும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +1 வரை கூட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒளி இப்போது நன்றாக விழுகிறது. ஆனால் மூக்குக்கண்ணாடியில் வாசல் அப்படியே பளபளக்கிறது. கேமராவைக் கண்டதும் தாத்தா பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்வதுபோல் விறைத்துவிடுகிறார்.

பதில் 1:
கண்ணாடியின் காம்புகளைக் காதின்மேல் சற்று உயர்த்தி வைத்தால் அதன் முகப்பு கீழ்நோக்கிச் சாய்ந்து, பிரதிபலிப்பு பெரும்பாலும் விலகிவிடும்.

விறைப்புக்கு, "சிரியுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1941இல் கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் சுருட்டைப் புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் பிடுங்கிய மறுகணம் பதிவான முறைப்புதான் கார்ஷின் மிகப் புகழ்பெற்ற படமாயிற்று. அதற்காகத் தாத்தாவின் கத்தரிக்கோலைப் பிடுங்க வேண்டாம்! தைக்கவிடுங்கள், நூலை அறுத்துவிட்டுத் தலைநிமிரும் கணத்துக்குக் காத்திருந்து, தொடர் ஷட்டரில் மூன்று நான்கு படங்களாக எடுங்கள். கை அசையும் என்பதால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறைய வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) கூட்டிக்கொள்ளலாம்.