போர்வெல் தண்ணீரில் நியான் டெட்ரா: முழு ஆர்.ஓ. தேவையா?

போர்வெல்பாலா: வேளச்சேரியில் வீடு, போர்வெல் தண்ணீர். கரைந்த உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. 100 லிட்டர் தொட்டியில் நியான் டெட்ரா மீன் விட ஆசை. கடையில் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றச் சொல்கிறார்கள். சரியா?

நியான்ரசிகன்: சரிதான் ப்ரோ. நியான் அமேசான் காட்டு ஓடைகளின் மீன், அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு மிகவும் குறைவு. 900ல் விட்டால் காசு தண்டம். ஆர்.ஓ. ஊற்றி நாலு பாதாம் இலை போடுங்கள். முடிந்தது.

கொளத்தூர்வாசி: மீன் கதையும் முடிந்தது! பாலா தம்பி, டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணிக்கிறது, அவ்வளவுதான். அந்த 900ல் சமையல் உப்பும் சேர்த்தி. கடினத்தன்மையைச் சொல்வது ஜிஹெச், அதாவது கால்சியமும் மக்னீசியமும். கேஹெச் என்றால் கார்பனேட், பைகார்பனேட். முதலில் நிறம் மாறும்வரை சொட்டு சொட்டாக மருந்து விட்டுச் சோதிக்கும் கிட் வாங்கி இரண்டையும் பாருங்கள்.

நியான்ரசிகன்: கிட் விற்கிறீர்களா சார்? என் டிஸ்கஸ் மீன் தொட்டி முழு ஆர்.ஓ.தான். ஜோராக இருக்கிறது.

கொளத்தூர்வாசி: தினமும் பாதித் தண்ணீர் மாற்றுகிறீர்களே, அதை ஏன் சொல்லவில்லை? பாலா அப்படிச் செய்வாரா? மீன் கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைத் தாங்குவது கேஹெச். வெறும் ஆர்.ஓ.வில் அது கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் பிஹெச் (அமில, கார அளவு) சரிந்து பாக்டீரியா வேலையும் மந்தமாகும். அம்மோனியா தேங்கினாலும் குறைந்த பிஹெச்சில் விஷம் அவ்வளவு தெரியாது. ஒருநாள் போர்வெல் தண்ணீர் ஒரு வாளி ஊற்றுங்கள், பிஹெச் ஏறும், அன்றைக்குத்தான் மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறும்.

மோலிஅக்கா: ஏம்ப்பா தண்ணீரோடு சண்டை? கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடின நீர்தான் பிடிக்கும். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வளருங்கள். ஆர்.ஓ. மெஷின் சாக்கடையில் விடுகிற தண்ணீரைக் கோடைக்காலத்தில் பார்த்தால் வயிறு எரிகிறது.

போர்வெல்பாலா: கிட் வாங்கினேன். கேஹெச் 12, அதாவது 12ஆவது சொட்டில் நீலம் மஞ்சளானது. ஜிஹெச் 20. வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் உண்டு. அந்தத் தண்ணீரை விடலாமா அக்கா?

மோலிஅக்கா: வேண்டாம்ப்பா. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். மீட்டரில் வைத்துப் பார், ஏறக்குறைய அதே 900தான் வரும்.

கொளத்தூர்வாசி: ஜிஹெச் ஒரு டிகிரி என்றால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.8 மி.கி. உங்களுடையது 356. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. ஒரு பங்கு போர்வெல், மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் ஜிஹெச் 5, கேஹெச் 3 வரும். நியானுக்கு அது தாராளம்.

நியான்ரசிகன்: முக்கால் பங்கு ஆர்.ஓ.! இதற்கா இவ்வளவு பிரசங்கம்?

கொளத்தூர்வாசி: அந்தக் கால் பங்குதான் கேஹெச்சைத் தருகிறது. உங்கள் பாதாம் இலை தருமா? ஆனால் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. ஊற்றுங்கள் தம்பி. ஆவியானது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது.

நியான்ரசிகன்: ஆக, ஆர்.ஓ. ஊற்றச் சொல்லிவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.