தங்கம் தியேட்டரை மூடியது டிவியா? தமிழ்நாட்டுத் திரையரங்குகள் மறைந்த கதை

வைகைக்கரை:
மதுரையில் இருந்த, இன்னும் இருக்கிற தியேட்டர்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். எப்போது திறந்தது, யார் கட்டியது, எப்போது மூடியது, ஏன் மூடியது. முதல் மூன்றுக்கும் எப்படியாவது பதில் கிடைத்துவிடுகிறது. நான்காவதைக் கேட்டால் எல்லோரும் "டிவி வந்துருச்சு சார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2500க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் இன்றும் சொல்வோம். தொண்ணூறுகளில் படம் ஓட்டுவதை நிறுத்தி, பல வருஷம் பூட்டிக் கிடந்து, அப்புறம் இடித்தார்கள். இப்போது அங்கே ஜவுளிக்கடை. சிந்தாமணியும் அப்படித்தான் போனது. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டியது அது.

ஒரு படம் ஊருக்கு வந்தால் ஒரே தியேட்டர்தான் என்றிருந்த காலத்துக்காகக் கட்டியது தங்கம். முதல் வாரம் டிக்கெட் கிடைக்காதவர் அடுத்த வாரம் வருவார், கிராமத்திலிருந்து சந்தைக்கு வந்தவர் இரண்டு மாதம் கழித்து வருவார். படம் காத்திருக்கும். அதே படத்தை ஒரே நாளில் நாலைந்து தியேட்டரில் போட ஆரம்பித்ததும் எல்லாம் மாறியது. ஞாயிறு வரை எல்லா இடத்திலும் கூட்டம், திங்கட்கிழமை எல்லா இடத்திலும் காலி. 2500 இருக்கையில் 200 பேர் உட்கார்ந்தாலும் அத்தனை மின்விசிறியும் சுற்றியாக வேண்டும், அத்தனை வாசலிலும் ஆள் நிற்க வேண்டும். பெரிய தியேட்டர்களைச் சாய்த்தது விநியோக முறைதான் என்பது என் கட்சி.

மவுண்ட்ரோடுவாசி:
நண்பரே, சென்னைக் கதையைப் பார்த்தால் இது நிற்காது. சாந்தி 1961இல் காமராஜர் திறந்துவைத்தது, 2016இல் மூடினார்கள். ஆனந்த் போய்விட்டது. 1914இல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டியும் இல்லை. சபையரோ 1964இலேயே ஒரே வளாகத்தில் மூன்று அரங்கு வைத்திருந்தது: சபையர், எமரால்டு, புளூ டைமண்ட். புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். இன்றைய மல்டிபிளக்ஸ்காரர்கள் சொல்வதையெல்லாம் அன்றே செய்த இடம் அது. அதையும் இடித்தார்கள், மனை பல வருஷம் வெறுமையாகவே கிடந்தது.

அண்ணா சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்று பாருங்கள். நாலு காட்சியும் ஹவுஸ்ஃபுல் ஆனாலும் அந்த நிலத்தின் விலைக்கு வங்கி தரும் வட்டியை எட்ட முடியாது. தாத்தா கட்டியது, பேரன்கள் ஏழெட்டுப் பேருக்குப் பங்கு. பாகம் பிரிக்கத் தியேட்டரை அறுக்கவா முடியும்? விற்றுத்தான் ஆக வேண்டும். இதை மறைத்துவிட்டு மக்கள் வரவில்லை, முறை மாறிவிட்டது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

வைகைக்கரை:
அதே அண்ணா சாலையில் 1970இல் திறந்த தேவி இன்னும் ஓடுகிறதே சார். அந்த நிலத்துக்கு மட்டும் விலை ஏறவில்லையா? தேவியில் பெரிதும் சிறிதுமாக நாலு திரை. புதுப்படத்தைப் பெரியதில் போட்டு, கூட்டம் குறைந்ததும் சின்னதுக்கு மாற்றலாம். தங்கத்தில் அதற்கு வழியில்லை.

மவுண்ட்ரோடுவாசி:
சரி, உதயம்? 1983இல் திறந்தது. உதயம், சூரியன், சந்திரன், அப்புறம் மினி உதயமும் சேர்ந்தது. அங்கேயும் நாலு திரைதான். 2024இல் மூடினார்கள், இடம் கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. தேவி நிற்கிறதென்றால் உரிமையாளர்கள் நிற்க வேண்டும் என்று நினைப்பதால்தான். திரைகளின் எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை.

செம்பருத்தி:
இரண்டு பேரும் கட்டடத்தையும் கணக்கையும் பேசுகிறீர்கள். உள்ளே உட்கார்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் வளர்ந்த ஊரில் ஒரே தியேட்டர். பெண்களுக்குத் தனி கவுண்டர் என்று சுவரை ஒட்டி ஒரு குறுகலான சந்து, மேலே கம்பிவலை. கூட்ட நாளில் உள்ளே மாட்டினால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். விளக்கு அணைந்ததும் பின்வரிசையிலிருந்து கால் நீளும். என் அம்மாவும் சித்தியும் படம் பிடிக்காமல் போய் நிறுத்தவில்லை. இதற்காகத்தான் நிறுத்தினார்கள். பெண்கள் வராவிட்டால் வீடே வராது. அப்புறம் காலைக்காட்சிக்கு எந்த மாதிரிப் படம் போட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சுவரொட்டியைத் தாண்டி மாலைக்காட்சிக்கு யார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

டிவி ஜெயித்ததற்குக் காரணம் வீட்டில் தாழ்ப்பாள் இருந்ததுதான். உங்கள் தொகுப்பில் 'ஏன் மூடியது' என்ற இடத்தில் இதையும் எழுதுங்கள்.

மவுண்ட்ரோடுவாசி:
சகோதரி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பராமரிக்கக் காசு எங்கிருந்து வரும்? டிக்கெட் விலையை அரசாங்கம் நிர்ணயித்தது. சென்னை மல்டிபிளக்ஸிலேயே 2017 வரை உச்சவிலை 120 ரூபாய்தான், முன்வரிசை 10 ரூபாய். சின்ன ஊர்த் தியேட்டருக்கு அதைவிடக் குறைவு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சி வரியும் 30 சதவீதம் என்றபோது தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை மூடிப் போராட வேண்டியிருந்தது.

செம்பருத்தி:
2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியே இல்லை என்று அரசு அறிவித்தது. அப்போது டிக்கெட் விலை குறைந்ததா? தாழ்ப்பாள் வந்ததா? முதல் நாள் டிக்கெட்டை என்ன விலைக்கு விற்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். அரசு நிர்ணயித்த விலை பலகையில் மட்டும்தான் இருந்தது. காசு வந்தது, தியேட்டருக்குள் திரும்பப் போடவில்லை.

கார்பன்குச்சி:
என் அப்பா ஆபரேட்டர். சின்ன ஊர்களின் கதையில் ஒன்று விட்டுப்போகிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அந்த நொடியில் அடுத்ததை ஓடவிட வேண்டும். உள்ளே வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மங்கி விசில் பறக்கும். பழுது வந்தால் ஊர் லேத் பட்டறையிலேயே பாகம் கடைந்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் டூரிங் டாக்கீஸ்கூடப் பிழைத்தது.

டிஜிட்டல் வந்ததும் கருவி வேறொருவருடையது, பழுது பார்ப்பவரும் வேறொருவர், படத்துக்குப் படம் கட்டணம். 2018 மார்ச்சில் அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்களே புதுப்பட வெளியீட்டை நிறுத்தி வைத்தார்கள் என்றால் சின்ன ஊர்க்காரர் நிலைமையை யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் டிவியைத் தாண்டினார்கள், திருட்டு வி.சி.டி.யைத் தாண்டினார்கள். இதைத் தாண்டவில்லை. நில விலை பேசுகிற அண்ணனுக்கு: எங்கள் ஊர் தியேட்டர் மனையை வாங்கக்கூட ஆளில்லை.

நல்லூரான்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா, ராணி, ராஜா, லிடோ என்று எங்கட நகரத்தில் தியேட்டர் நிறைய இருந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் வருடக்கணக்கில் மின்சாரமே இல்லை. அந்த ஊரில் விநியோக முறையையும் நில விலையையும் வைத்து ஒன்றும் விளங்கப்படுத்த ஏலாது. ஒவ்வொரு ஊருக்கும் தனிக் காரணம் எழுதுங்கோ.

வைகைக்கரை:
நல்லூரான் அண்ணா, ஊருக்கு ஊர் தனியாகத்தான் எழுதப் போகிறேன். செம்பருத்தி சொன்ன கவுண்டர், கழிப்பறை விவரம் இனி என் கேள்விகளில் கட்டாயம் இருக்கும். ஆனால் தங்கம் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான். ஊருக்கு ஒரே படப்பெட்டி வந்த காலத்துக்காகக் கட்டிய அரங்கு அது. கழிப்பறையைத் தங்கத்திலேயே இழைத்திருந்தாலும் திங்கட்கிழமை நிரம்பியிருக்காது.

மவுண்ட்ரோடுவாசி:
என் கருத்தும் அப்படியே. 1913இல் மவுண்ட் ரோட்டில் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்றும் நிற்கிறது. தபால்துறை கைக்குப் போனதால், அதாவது விற்கிற சந்தைக்கே வராததால். மதுரை ரீகலும் விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் நடந்தது, பகலில் நூலகம், மாலையில் படம். மன்றம் பொதுச்சொத்து, அதனால் கட்டடம் தப்பியது. தனியார் மனையில் இருந்தவற்றுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எந்த வருஷம் யார் யாருக்கு விற்றார் என்று தெரிந்தால் 'ஏன்' என்பது தானே வரும்.

கார்பன்குச்சி:
வில்லங்கம் பார்க்கும்போதே கலெக்டர் ஆபீசில் சி ஃபார்ம் லைசென்ஸ், அதாவது தியேட்டர் நடத்தத் தரும் உரிமத்தின் கோப்பையும் கேளுங்கள். கடைசியாக எந்த வருஷம் புதுப்பித்தார்கள், எத்தனை இருக்கை, எத்தனை கழிப்பறை, எல்லாம் வரைபடத்தோடு அதில் இருக்கும். மதுரைக் கோப்பு கிடைத்தால் இங்கே போடுங்கள், மூன்று பேர் வாதத்தையும் அதை வைத்தே பார்த்துவிடலாம்.