7 சதவீதமும் ஒரு குங்குமப் பொட்டும்

கடைசிபெஞ்ச்: "பெரிய பெரிய விஞ்ஞானிகளே கடவுளை நம்புகிறார்கள்" என்று காலையில் மறுபடியும் ஒரு ஃபார்வர்டு. 1998-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் லார்சன், விதம் (Witham) என்ற இருவர் போட்ட கணக்கைப் பாருங்கள்: அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர்களில் கடவுளை நம்புகிறவர்கள் 7 சதவீதம்தான்.

நாமக்கல்காரன்: சரி, அதில் என்ன கேட்டார்கள்? வேண்டினால் பதில் தருகிற கடவுள் உண்டா என்று. 1914-ல் லூபா என்ற உளவியலாளர் கேட்ட அதே கேள்வி. ஐன்ஸ்டைன் 1929-ல், தான் நம்புவது தத்துவஞானி ஸ்பினோசா சொன்ன கடவுளை, மனிதர்களின் விதியில் தலையிடுகிற கடவுளை அல்ல என்றார். இந்தக் கணக்கில் அவரும் 'இல்லை' பக்கம்தான் விழுவார். அதுவும் இந்தக் கேள்விக் கடிதம் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பதிலே போட்டார்கள். எங்கள் ஊர் நாமகிரித் தாயார் அருளால்தான் தனக்குக் கணக்கு வருகிறது என்ற ராமானுஜனை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?

கடைசிபெஞ்ச்: 1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்கள் பற்றி அவர் சொன்னது தப்பாகப் போனதே, அதையும் தாயார் கணக்கில் எழுதலாமா? நாத்திகரான ஹார்டி நிரூபணம் கேட்டார், கனவைக் கேட்கவில்லை.

நாமக்கல்காரன்: நிரூபணம் சூத்திரத்துக்கு. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறீர்கள்? பெருவெடிப்புக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு பாதிரியார். 1951-ல் போப் அதைப் படைப்போடு முடிச்சுப் போட்டபோது லெமேத்ரே ரசிக்கவில்லை.

லேப்_அக்கா: இரண்டு பேரும் ஆள் பலம் காட்டுகிறீர்கள். ஏன் நம்புகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. 1948-ல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தீனி வரவைத்தார். ஒரு புறா கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்ததோ, அதையே பிடித்துக்கொண்டது.

கடைசிபெஞ்ச்: அப்படிப் போடுங்க அக்கா!

நாமக்கல்காரன்: புறா தீனிக்குச் சுற்றுகிறது. என் பாட்டி ஒன்றும் கிடைக்காமலேயே அறுபது வருடம் விளக்கேற்றினார். அதற்கு எந்தக் கூண்டு?

லேப்_அக்கா: அதற்கு ஸ்கின்னரிடம் பதில் இல்லைதான். எங்கள் லேப் கதையைச் சொல்கிறேன். சென்ட்ரிஃபியூஜில் (மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின்) ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தை யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார்கள். மறுநாள் மெஷின் நின்றது. மோட்டாருக்குள் கரன்ட் கடத்துகிற பிரஷ் தேய்ந்துபோனதுதான் காரணம், மெக்கானிக் கழற்றிக் காட்டினார். அங்கே இருந்த மூன்று பிஎச்.டி.க்களும் தலையாட்டினோம். அப்புறம் புது பிரஷ் மாட்டியதும், ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால், பொட்டும் வைத்தோம்.