மார்த்தாளின் அடுப்படியும் ஜாங் கும் கொண்டுவந்த தண்ணீரும்

மார்த்தாள், மரியாள் பிரசங்கம் என்றாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். வீட்டுக்கு வந்த இயேசுவுக்குச் சமைத்த மார்த்தாள் திட்டு வாங்கினாள், உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்ட சகோதரி மரியாள் பாராட்டு வாங்கினாள் என்று முடித்துவிடுவார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், அது வேறு!

இந்தக் கோபத்தைத் தணித்தது ஒரு கொரியன் சீரியல். 2003இல் வெளிவந்த 'டே ஜாங் கும்', அரண்மனைச் சமையலறையில் வளரும் பெண்ணின் கதை. குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்கிறார் அந்தச் சமையலறையின் ஹான் அம்மையார். சிறுமி ஜாங் கும் எப்படிக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார். கடைசியில் அவள் கேட்கிறாள்: வயிறு வலிக்கிறதா, தொண்டை வலிக்கிறதா? தொண்டை என்றதும் வெந்நீரில் துளி உப்புப் போட்டுக் கொண்டுவந்து, மெதுவாகக் குடிக்கச் சொல்கிறாள். அவள் அம்மா அப்படித்தான் விசாரித்துவிட்டுக் கொடுப்பாராம்.

பார்த்துவிட்டு பைபிளில் லூக்கா 10ஐ எடுத்து வாசித்தேன். 'அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்றுதான் இயேசு சொல்கிறார். சமைத்ததற்காகக் கடிந்துகொள்ளவே இல்லை. யோவான் 12இல் பெத்தானியா விருந்திலும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள், அங்கே ஒரு குறையும் சொல்லப்படவில்லை. 'நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து' என்று அறிக்கையிட்டதும் இதே மார்த்தாள்தான். அதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்?

அப்புறம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு, கீமோ முடிந்த பெரியம்மா ஒருவர் வந்தார். வழக்கமான கேசரியும் வடையும் தயாராக இருந்தன. "பெரியம்மா, வாய்க்கு என்ன பிடிக்குது?" என்றேன். "எதைத் தின்னாலும் இரும்ப நக்கின மாதிரி இருக்கு மக்களே. ஆறின கஞ்சின்னா கொஞ்சம் இறங்கும்" என்றார். குழைய வடித்த கஞ்சியும், மிளகாய் சேர்க்காமல் நெல்லிக்காயும் தேங்காயும் அரைத்த துவையலும் கொடுத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அடுப்படியில் நின்றதால் பாதி ஜெபத்தைத் தவறவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

---

அக்கா, மார்த்தாள் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. எனக்குப் பாடம் சொன்ன கொரியன் சீரியல் 'ரிப்ளை 1988'. முதல் எபிசோடிலேயே சாப்பாட்டு நேரத்தில் அம்மாக்கள் பிள்ளைகள் கையில் கிண்ணத்தைக் கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். எல்லார் வீட்டு மேசையிலும் எல்லார் கறியும் இருக்கும். நாங்களோ கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கொடுப்பதோடு சரி. இப்போது பக்கத்து வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் மீன் குழம்பு போகிறது. சனிக்கிழமை அவர்கள் சைவம். புரட்டாசியில் மீனுக்கு லீவு, அவியல்தான். பதிலுக்கு வரும் சாம்பாரைப் பார்த்தால் என் மகனுக்கு என் சமையலே மறந்துபோகிறது!

அந்தத் துவையலின் அளவை எழுதுங்கள் அக்கா. எங்கள் சபையிலும் ஒருவருக்குக் கீமோ நடக்கிறது, சாப்பாடே இறங்கவில்லை என்கிறார்கள்.